கதிர்வீச்சை நேராக மின்சாரமாக்காமல் ஏன் இன்னும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அணு உலைக்குள் அத்தனை கதிர்வீச்சு இருக்கிறது, அதைச் சூரியத் தகடு வெயிலைப் பிடிக்கிற மாதிரி நேராகப் பிடித்து மின்சாரமாக்காமல், இந்தக் காலத்திலும் தண்ணீரைக் கொதிக்க வைத்து நீராவியால் டர்பைனைச் சுற்றுகிறார்களே, ஏன்? அணுக்கழிவிலிருந்து ஆயிரக்கணக்கான வருடம் ஓடும் வைர பேட்டரி வந்துவிட்டது, இனி போனுக்குச் சார்ஜே போட வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? கடைசியாக, வீட்டிலேயே ஒரு சின்ன மாதிரி செய்து பார்க்க முடியுமா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. தடை எங்கே இருக்கிறது, மாற்றுகிற கருவியிலா, கதிர்வீச்சிலேயா? கருவியிலும் சிக்கல்கள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் தாண்ட முடியாத எல்லை ஒன்று கதிர்வீச்சு தரும் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பரபரப்பான செய்திகள் எல்லாம் விட்டுவிடுவது அந்த எல்லையைத்தான்.

நான் பல வருடங்களாக வேலை செய்வது கதிர்வீச்சை அளக்கும் குறைகடத்தி டிடெக்டர்களில். அணு மின் நிலையத்தின் செலவுக் கணக்கோ கொள்கை விவாதமோ என் துறை இல்லை, அதற்குள் போகமாட்டேன். ஆனால் கதிர்வீச்சை மின்சாரமாக்குவது எங்கள் அன்றாட வேலை. சிலிக்கான் டிடெக்டர் என்பது உள்ளே பார்த்தால் ஒரு சூரியத் தகடுதான். ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தும் சின்ன அமெரிசியம்-241 மூலத்தை அதன் முன்னால் வைத்தால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு ஆல்பா துகளும் (ஹீலியம் அணுக்கரு அது) சுமார் 55 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றலோடு சிலிக்கானுக்குள் பாய்ந்து, முடியின் தடிமன் கூட இல்லாத ஆழத்துக்குள், கிட்டத்தட்ட 30 மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) நின்றுவிடும். நிற்பதற்குள் சுமார் 15 லட்சம் எலக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து விடுவித்துவிடும். திரையில் ஒவ்வொரு துகளும் தனித்தனித் துடிப்பாக ஏறி இறங்குவதைப் பார்க்கலாம், நடுவில் ஒரு தாளை நீட்டினால் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். ஒரே துகள் 15 லட்சம் எலக்ட்ரான்களைக் கிளப்புகிறது என்றால் பெரிதாகத் தோன்றும். அதைக் கூட்டிப் பாருங்கள். நொடிக்கு 37,000 சிதைவுகள் உள்ள மூலம், அதில் பாதித் துகள்கள் டிடெக்டரில் விழுகின்றன என்று வைத்தால், வரும் மின்னோட்டம் 4 அல்லது 5 நானோஆம்பியர், நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. அரை வோல்ட்டில் எடுத்தால் 2 நானோவாட் சொச்சம். ஒரு சின்ன எல்.இ.டி பளிச்சென்று எரிய வேண்டிய மின்சாரத்தில் இது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆக, நேரடியாக மாற்ற முடியுமா என்றால் முடியும், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இது புதிய கண்டுபிடிப்பும் கிடையாது. 1913-லேயே ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இயற்பியலாளர் உட்புறம் வெள்ளி பூசிய கண்ணாடிக் கோளத்தின் நடுவில் ரேடிய மூலத்தை வைத்து, வெளியேறும் பீட்டா துகள்களை, அதாவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான்களை, கோளத்தின் சுவரில் பிடித்து, லட்சம் வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கிக் காட்டினார். வோல்ட்டேஜ் பிரமாதம், மின்னோட்டம் நானோவையும்விடச் சிறிய பைக்கோஆம்பியர் கணக்கில். 1950-களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ நிறுவனத்தில் பால் ராப்பபோர்ட் ஸ்ட்ரான்சியம்-90-ஐயும் சிலிக்கான் சந்தியையும் (இரண்டு வகைச் சிலிக்கான் சேரும் இடம், சூரியத் தகட்டிலும் இருப்பது) சேர்த்து இன்று பீட்டாவோல்ட்டாயிக் என்று சொல்லும் மின்கலத்தைச் செய்தார். சிலிக்கான் சூரியக் கலம் பிறந்ததும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். இரண்டும் ஒரே வயது. ஒன்று கூரைகளுக்கு வந்தது, மற்றது இன்னும் சில சிறப்புக் கருவிகளுக்குள் மட்டும் இருக்கிறது.

சரி, அணு உலைக்கு வருவோம். ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தால் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வருகிறது. இதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியே பறக்கும் கதிராக வருவதே இல்லை. பிளந்த இரண்டு துண்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும் வேகத்தில்தான் அது இருக்கிறது. அந்தத் துண்டுகள் கனமானவை, மின்னூட்டம் அதிகம், எரிபொருளுக்குள்ளேயே 10 மைக்ரான் அளவு தூரத்தில் நின்றுவிடும். எரிபொருள் வில்லையின் குறுக்களவோ கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். அதாவது ஆற்றலின் பெரும்பகுதி வில்லையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வெப்பமாகிவிடுகிறது. வெப்பம் என்பது நடுவில் யாரோ தேவையில்லாமல் நுழைத்த ஒரு படி என்று பலர் நினைக்கிறார்கள். கதிர்வீச்சு ஒரு பொருளில் நின்றால் அது தானாகப் போய்ச் சேரும் இடம் வெப்பம்தான். பொறியாளர்கள் செய்வது, ஏற்கெனவே வெப்பமாகிவிட்டதை எடுத்துப் பயன்படுத்துவது. அதில் இன்றைய நீராவி டர்பைன் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கித் தருகிறது. இதற்குப் போட்டியாக நிற்கும் எந்த நேரடி முறையும் அந்த அளவை நெருங்கியதில்லை.

வெளியே வரும் மிச்சமான காமாவையும் நியூட்ரானையுமாவது தகடு வைத்துப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். காமாவின் பெரிய சிக்கல் அது நிற்காது என்பது. சீசியம்-137 தரும் காமா சாதாரண சூரியத் தகட்டின் தடிமனைக் கடக்கும்போது, ஆயிரம் போட்டானில் மூன்று நான்குதான் ஏதாவது ஒரு எலக்ட்ரானோடு மோதும், மற்றவை தகடு இருப்பதே தெரியாமல் போய்விடும். பாதியை நிறுத்த வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் வேண்டும், அத்தனை தடிமனில் உருவாகும் எலக்ட்ரான்களை முனைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்க வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். நாங்கள் காமா அளக்கும் ஜெர்மேனியம் டிடெக்டர் அப்படித்தான் வேலை செய்கிறது, ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து, மைனஸ் 200 டிகிரி அருகே குளிர்வித்து வைத்திருப்போம். அது கதிர்வீச்சிலிருந்து எடுப்பதைவிட அதற்கு நாம் கொடுப்பது பல மடங்கு அதிகம்.

அப்புறம் சேதம். டிடெக்டர் வேலையில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி கண்முன்னால் நடக்கும் விஷயம். ஆல்பா துகள் சிலிக்கானில் நிற்கும் தருணத்தில் சில அணுக்களை அவற்றின் இடத்திலிருந்தே தள்ளிவிடும். படிகத்தில் இப்படிக் காலி இடங்கள் சேரச் சேர, இருட்டிலும் கசியும் மின்னோட்டம் ஏறும், கூர்மையாக இருந்த சிகரங்கள் நிறமாலையில் மெல்ல அகலமாகும், ஒரு கட்டத்தில் டிடெக்டரை மாற்ற வேண்டியதுதான். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 100 கோடி ஆல்பா விழுந்தாலே அளவீட்டில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். இப்போது அதே பரப்பில் ஒரே ஒரு மில்லிவாட் ஆல்பா ஆற்றல் விழும்படி பேட்டரி செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நொடிக்கு 100 கோடிக்கு மேல் ஆல்பா விழ வேண்டும். டிடெக்டருக்கு வருடக்கணக்கில் வரும் அடி பேட்டரிக்கு ஒரே நொடியில். துல்லியம் தேவையில்லாத பேட்டரி டிடெக்டரைவிட அதிகமாகத் தாங்கும், அதையும் சொல்லியாக வேண்டும், ஆனாலும் எத்தனை நாள்? அதனால்தான் இந்தத் துறை ஆல்பாவை விட்டுவிட்டு மென்மையான பீட்டாவுக்குப் போனது. சிலிக்கானில் அணுவைத் தள்ள பீட்டா எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ 2 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டாவது வேண்டும். கதிர்வீசும் ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் பீட்டா அதிகபட்சம் 18,600, நிக்கல்-63 சுமார் 67,000, கார்பன்-14 சுமார் 1,56,000. மூன்றும் அந்தக் கோட்டுக்குக் கீழே. ராப்பபோர்ட் பயன்படுத்திய ஸ்ட்ரான்சியம்-90-உம் அதன் வாரிசான இட்ரியம்-90-உம் கோட்டுக்கு வெகுதூரம் மேலே, அவருடைய கலம் சீக்கிரமே கெட்டதற்கு அதுதான் காரணம்.

மென்மையான பீட்டாவைத் தேர்ந்தெடுத்தால் உடனே இன்னொரு பக்கம் இடிக்கும். அந்த எலக்ட்ரான்கள் மூலப்பொருளைவிட்டே தாண்ட முடியாது. நிக்கல்-63 தகட்டைத் தடிமனாக்கினால் உள்ளே பிறக்கும் பீட்டாக்கள் நிக்கலிலேயே நின்றுவிடும், மேலே உள்ள சில மைக்ரான் மட்டுமே உதவும். ஆகவே மெல்லிய ஏடு, அதற்கு மேல் குறைகடத்தி ஏடு, மறுபடி நிக்கல் ஏடு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். மின்னோட்டம் குறைவாக இருப்பதால் இன்னொரு இழப்பும் உண்டு, வெளியே யாரும் அதிகம் பேசாதது இது. சூரியத் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடும், சந்தியில் கொஞ்சம் கசிந்தாலும் கண்டுகொள்ளத் தேவையில்லை. பீட்டா கலத்தில் ஓடுவதே நானோஆம்பியர் முதல் சில மைக்ரோஆம்பியர் வரை, கசிவும் அதே அளவில் இருந்தால் வோல்ட்டேஜ் படுத்துவிடும். வைரம், சிலிக்கான் கார்பைடு, காலியம் நைட்ரைடு என்று விலை உயர்ந்த பொருட்களைத் தேடிப் போவது இதற்காகத்தான், அவற்றில் கசிவு மிக மிகக் குறைவு. இத்தனைக்கும் மேல் இயற்கையான ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சிலிக்கானில் ஒரு எலக்ட்ரானை விடுவிக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி 1.1 எலக்ட்ரான் வோல்ட், ஆனால் கதிர்த்துகள் ஒவ்வொன்றுக்கும் செலவழிப்பது 3.6. வைரத்தில் இடைவெளி 5.5, செலவு சுமார் 13. மீதி எல்லாம் படிகத்தின் அதிர்வாக, அதாவது வெப்பமாகப் போகிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் மேல் எல்லை, நடைமுறையில் கிடைப்பது சில சதவீதத்திலிருந்து பத்து சதவீதத்தை ஒட்டி.

இதெல்லாம் கருவியின் பிரச்சினைகள், திறமையானவர்கள் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகக் குறைத்துவிடலாம். நான் முதலில் சொன்ன, யாராலும் குறைக்க முடியாத எல்லை அரை ஆயுள், அதாவது மூலத்தின் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம். ஒரு கிராம் சுத்தமான கார்பன்-14-இல் நொடிக்கு சுமார் 16,500 கோடி அணுக்கள் சிதைகின்றன. பயமுறுத்தும் எண். ஆனால் ஒவ்வொரு சிதைவும் கொடுப்பது சராசரியாக 49,000 எலக்ட்ரான் வோல்ட்தான், எல்லாவற்றையும் கூட்டினால் 1.3 மில்லிவாட். நூறு சதவீதம் பிடித்தாலும் அவ்வளவுதான். அதன் ஆற்றல் குறைவா என்றால் இல்லை, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடப் போதுமான சொத்து அது, ஆனால் தினம் ஒரு காசுக்கு மேல் எடுக்க முடியாதபடி உயில் எழுதி வைத்திருக்கிறது. 5,730 வருடத்தில் பாதிதான் தீரும் என்பதைத்தான் செய்திகள் பெருமையாகச் சொல்கின்றன. அதே காரணத்தால்தான் இன்றைக்குக் கிடைப்பது இத்தனை குறைவு. நீண்ட ஆயுளும் அதிக வாட்டும் ஒரே பொருளில் சேர்ந்து வராது.

போன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2016-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர், கார்பன்-14-ஐ வைரமாக்கி அதன் பீட்டாவை வைரத்திலேயே மின்சாரமாக்கும் வைர பேட்டரி யோசனையை அறிவித்தபோது அவர்களே நேர்மையாகச் சொன்ன எண், ஒரு கிராம் கார்பன்-14-க்கு ஒரு நாளைக்கு 15 ஜூல். சாதாரண போன் பேட்டரியில் சுமார் 15 வாட்-மணி, அதாவது 55,000 ஜூல் இருக்கும். தினம் ஒருமுறை சார்ஜ் போடுபவருக்கு 3.7 கிலோ கார்பன்-14 வேண்டும், உறையும் மின்முனைகளும் தனி. ரிமோட்டில் போடும் ஏஏ பேட்டரியில் சுமார் 10,000 ஜூல் இருக்கிறது, அதைக் கொடுக்க ஒரு கிராமுக்கு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதே ஒரு கிராம் முதல் 5,730 வருடத்தில் மொத்தமாக இரண்டு கோடி ஜூலுக்கு மேல் கொடுத்துவிடும், அது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏஏ பேட்டரிகளுக்குச் சமம். இரண்டு எண்களும் உண்மை. வீடியோக்கள் இரண்டாவதை மட்டும் சொல்கின்றன.

2024 ஜனவரியில் சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் நிக்கல்-63 பேட்டரி ஒன்றை அறிவித்தது நினைவிருக்கலாம், 15 மில்லிமீட்டர் நீளம், அதே அகலம், 5 மில்லிமீட்டர் உயரம், 3 வோல்ட், 100 மைக்ரோவாட், ஆயுள் 50 வருடம் என்றார்கள். நிக்கல்-63-இன் அரை ஆயுள் சுமார் 100 வருடம், எனவே 50 வருடத்துக்குப் பிறகும் மூலத்தில் 70 சதவீதம் இருக்கும், அந்த வாக்குறுதி இயற்பியலுக்குள் அடங்குவதுதான். போனின் சராசரித் தேவையான 0.6 வாட்டுக்கு இதில் ஆறாயிரத்துக்கும் மேல் சேர்த்துக் கட்ட வேண்டும், அது ஏழு லிட்டர் அளவு இடம் பிடிக்கும். இதையே 1 வாட்டுக்கு வளர்ப்போம் என்றும் சொன்னார்கள். சுத்தமான நிக்கல்-63 ஒரு கிராம் தருவது சுமார் 6 மில்லிவாட், பத்து சதவீத செயல்திறன் என்று தாராளமாக வைத்தாலும் 1 வாட்டுக்கு 1.7 கிலோ வேண்டும். நிக்கல்-63 கழிவில் சும்மா கிடக்கும் பொருளும் இல்லை. இயற்கை நிக்கலில் நான்கு சதவீதம் கூட இல்லாத நிக்கல்-62-ஐப் பிரித்தெடுத்து, அணு உலையில் வைத்து நியூட்ரான் ஏற்றி உருவாக்க வேண்டும். அதனால் 100 மைக்ரோவாட் என்பதை நான் நம்புகிறேன், கையில் பிடிக்கும் அளவில் 1 வாட் என்பதை யாராவது சுதந்திரமாக அளந்து காட்டும் வரை நம்ப மாட்டேன்.

அரை ஆயுள் குறைவான பொருளை எடுத்தால் வாட் ஏறும், அங்கே நிலைமை வேறு. புளூட்டோனியம்-238-க்கு 87.7 வருடம், கிராமுக்கு 0.57 வாட் வெப்பம், கார்பன்-14-ஐப் போல நானூறு மடங்குக்கு மேல். இதையும் நேரடியாகக் கதிரிலிருந்து எடுப்பதில்லை. உருண்டையை அதன் சொந்த வெப்பத்திலேயே தகதகக்க விட்டு, சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் நடுவே வெப்பமின் இரட்டைகளை வைக்கிறார்கள். இரு முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தை அவை மின்சாரமாக்கும், 1821-இல் சீபெக் என்ற இயற்பியலாளர் கண்ட விளைவு அது. ஆடும் பாகம் ஒன்றுமே கிடையாது. செவ்வாயில் 2012 முதல் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தியில் 4.8 கிலோ புளூட்டோனியம் டையாக்சைடு இருக்கிறது, புறப்பட்டபோது வெப்பம் 2,000 வாட், மின்சாரம் 110 வாட், அதாவது ஐந்தரை சதவீதம். 1977-இல் போன இரண்டு வாயேஜர் விண்கலங்களும் தலா 470 வாட்டோடு புறப்பட்டன, இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. இதில் கவனிக்க வேண்டியது, புளூட்டோனியத்தின் வெப்பம் மட்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் மிச்சம் இருக்க வேண்டும். மீதிக் குறைவு வெப்பமின் இரட்டைகள் மூப்படைவதால். எனவே ஆயிரம் வருடம் ஓடும் பேட்டரி என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, மூலப்பொருள் இருக்கும் சரி, மாற்றும் கருவியும் உறையும் சாலிடரும் ஆயிரம் வருடம் இருக்குமா? அதைச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. மூல ஆயுளைப் பேட்டரி ஆயுள் என்று விற்பது எனக்கு உண்மையாகவே கோபம் வரவைக்கும் பழக்கம்.

வெப்பமின் இரட்டைக்குப் பதில், மூடிய வாயுவைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஓடும் ஸ்டிர்லிங் எஞ்சின் வைத்தால் செயல்திறன் 20 சதவீதத்துக்கு மேல் போகும், நாசா பல வருடம் உழைத்து ஒரு வடிவம் கொண்டுவந்தது, 2013-இல் பணப் பற்றாக்குறையால் விண்கல வடிவத்தை நிறுத்தினார்கள். ஆய்வகத்தில் அதன் மாதிரிகள் பத்து வருடத்துக்கு மேல் நிற்காமல் ஓடிக் காட்டின. என் சொந்தக் கருத்து, இந்தத் துறையில் அடுத்த உருப்படியான முன்னேற்றம் பேட்டரி அறிவிப்புகளிலிருந்து வருவதைவிட இந்தப் பக்கத்திலிருந்து வரவே வாய்ப்பு அதிகம். மறுபடியும் வெப்பம் வழியாகத்தான்.

இதே தொழில்நுட்பம் தரையில் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்கு ஒன்று வைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். சோவியத் காலத்தில் ஆளில்லாத கலங்கரை விளக்கங்களுக்கும் மலைப்பகுதி ரேடியோ நிலையங்களுக்கும் ஸ்ட்ரான்சியம்-90 வைத்த இத்தகைய மின்னாக்கிகளை நிறைய நிறுவினார்கள். பிறகு பலவற்றைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது. 2001 டிசம்பரில் ஜார்ஜியா நாட்டில் லியா என்ற ஊருக்கு அருகில் காட்டில் விறகு சேர்க்கப் போன மூன்று பேர், பனியில் கிடந்த இரண்டு சூடான உருளைகளைப் பார்த்தார்கள். சுற்றிலும் பனி உருகியிருந்தது. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று இரவு முழுக்க அருகிலேயே வைத்துக்கொண்டார்கள். உறை கழன்ற ஸ்ட்ரான்சியம் மூலங்கள் அவை. மூவருக்கும் கடுமையான கதிர்வீச்சுக் காயம், ஒருவர் நீண்ட சிகிச்சைக்குப் பிறகு 2004-இல் இறந்தார். இதயமுடுக்கிகளில் நடந்ததும் இங்கே நினைவுக்கு வரும். 1970-இல் பாரிசில் புளூட்டோனியம் இதயமுடுக்கியை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள், புரோமித்தியம்-147 வைத்த பீட்டா கலங்களும் அந்தப் பத்தாண்டில் வந்தன. அவை நன்றாகவே ஓடின. ஆனால் நோயாளி இறந்த பிறகு அந்தச் சிறு கேப்சூலைத் தேடி மீட்பது பெரிய வேலை, லித்தியம் பேட்டரி வந்ததும் மருத்துவர்கள் நிம்மதியாக அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

அணுக்கழிவுக் கேள்விக்கு எண்ணிலேயே பதில் சொல்லிவிடலாம். 1,000 மெகாவாட் உலை ஒன்று வருடத்துக்கு 20 முதல் 25 டன் பயன்படுத்திய எரிபொருளை வெளியே அனுப்பும். பத்து வருடம் நீரில் வைத்திருந்த பிறகு ஒரு டன்னிலிருந்து வரும் வெப்பம் ஒன்று அல்லது ஒன்றரை கிலோவாட். ஒரு வருடக் கழிவு முழுவதையும் சேர்த்து வெப்பமின் இரட்டைகளால் மூடினால் இரண்டு கிலோவாட் மின்சாரம் கிடைக்கலாம், ஒரே ஒரு ஏசி ஓடும். அந்தக் கழிவை உண்டாக்கிய உலை கொடுத்துக்கொண்டிருந்தது பத்து லட்சம் கிலோவாட். கழிவின் கதிர்வீச்சு உடம்புக்கு ஆபத்தான அளவில் இருப்பதால் அதில் ஏராளமான மின்சாரம் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உடம்பைக் கெடுக்க மிகச் சிறிய ஆற்றலே போதும், விளக்கெரிக்கப் போதாது. கழிவில் உண்மையான ஆற்றல் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் 95 சதவீதத்துக்கு அருகில் யுரேனியம்தான், ஒரு சதவீதம் புளூட்டோனியம். வேக நியூட்ரான் உலைகளில் அதைப் பிளக்கலாம், ரஷ்யாவின் பிஎன்-800 போன்றவை அந்த வகை. அங்கேயும் கடைசியில் நீராவி டர்பைன்தான். பிரிஸ்டல்காரர்கள் சொன்ன கழிவு வேறு, பழைய உலைகளின் கிராஃபைட் கட்டைகள், பிரிட்டனில் மட்டும் சுமார் 95,000 டன் இருக்கிறது, மேற்பரப்பில் சேர்ந்திருக்கும் கார்பன்-14-ஐச் சூடாக்கிப் பிரிக்கலாம் என்பது யோசனை. அதனால் கிராஃபைட்டைப் புதைப்பது எளிதாகும், அது நல்ல விஷயம். 2024 டிசம்பரில் முதல் கார்பன்-14 வைர பேட்டரியைச் செய்துவிட்டதாக அவர்களும் பிரிட்டன் அணுசக்தி ஆணையமும் அறிவித்தார்கள், செய்திருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மைக்ரோவாட் அளவுக் கருவி அது என்று அவர்களே சொல்கிறார்கள்.

2025-இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இன்னொரு வழியில் போனார்கள். காமாவை நேராகச் சிலிக்கானில் பிடிக்காமல், முதலில் கனமான ஒளிர்படிகத்தில் நிறுத்தி, அது தரும் ஒளியைச் சூரியக் கலத்தில் பிடித்தார்கள். சீசியம்-137 மூலத்தோடு 288 நானோவாட், அதைவிட வலுவான கோபால்ட்-60 மூலத்தோடு 1.5 மைக்ரோவாட் கிடைத்தது. கழிவுக் கிடங்கில் ஆள் போகாமல் தானாக இயங்கும் உணரிகளுக்கு இது உதவலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏற்கெனவே கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் அதைச் சும்மா விடாமல் பயன்படுத்துவதால். படிகம் எத்தனை வருடத்தில் மங்கும் என்பதைப் பொறுத்திருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பீட்டா பேட்டரி உதவாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து வெப்பநிலையை அளந்து ஒரு சின்ன செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கும் உணரிக்குச் சராசரியாகச் சில மைக்ரோவாட்டே போதும். கடலடியில், எண்ணெய்க் கிணற்றின் ஆழத்தில், பாலத்தின் கான்கிரீட்டுக்குள், பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடங்களில் இருபது வருடம் விடாமல் ஒரு மைக்ரோவாட் தரும் பொருளுக்கு ஈடே இல்லை. ராணுவக் கருவிகளில் நினைவகத்தை உயிரோடு வைத்திருக்க டிரிட்டியம் கலங்கள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. டிரிட்டியத்துக்கு அரை ஆயுள் 12.3 வருடம், கிராமுக்கு 0.3 வாட்டுக்கு மேல், பீட்டாவோ ஒரு பிளாஸ்டிக் தாளைக் கூடத் தாண்டாது. என்னைக் கேட்டால் கார்பன்-14-ஐவிட இதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

வீட்டில் செய்து பார்ப்பதும் டிரிட்டியத்தை வைத்துத்தான் சாத்தியம். சாவிக்கொத்தில் மாட்டும், இருட்டில் பச்சையாக ஒளிரும் மூடிய கண்ணாடிக் குழாய்கள் கிடைக்கும், உங்கள் நாட்டில் வாங்குவதற்கு அனுமதி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் இருக்கும் பழுப்பு நிறச் சூரியக் கலங்கள் இரண்டை எடுத்து, நடுவில் குழாய்களைப் படுக்க வைத்து, கறுப்பு டேப்பால் வெளிச்சம் துளியும் புகாதபடி சுற்றுங்கள். அந்த வகைக் கலம் மங்கிய ஒளியில் சாதாரண சிலிக்கான் தகட்டைவிட நன்றாக வேலை செய்யும். மல்டிமீட்டரை நேராக வைத்தால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் மீட்டரின் 10 மெகா ஓம் உள்தடையே கிடைக்கும் மின்னோட்டத்தின் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அதற்குப் பதில் ஒரு மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கியை இணைத்து ஒரு இரவு விட்டுவிட்டு, காலையில் மீட்டரைத் தொட்ட கணத்தில் வரும் முதல் எண்ணைப் படியுங்கள். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி வேண்டாம், கலம் கொடுப்பதைவிட அது கசியவிடுவது அதிகமாக இருக்கும். கிடைப்பது நானோவாட் கணக்கில்தான், ஆனால் வெளியிலிருந்து எந்த ஆற்றலும் வராத ஒரு பொட்டலம் மின்தேக்கியை ஏற்றி வைத்திருப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு. குழாயை உடைக்காதீர்கள், உள்ளே இருப்பது வாயு. புகை உணரியைப் பிரித்து அமெரிசியத்தை எடுக்கலாம் என்று சில வீடியோக்கள் சொல்கின்றன, அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம். தாளைத் தாண்டாத ஆல்பாதான், ஆனால் சுரண்டிய துகள் மூச்சோடு நுரையீரலுக்குப் போய்விட்டால் அங்கே தடுக்கத் தாள் கிடையாது.